களிமண் தரையில் செயற்கைப் புல்: தண்ணீருக்கு முதலில் வழி

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், முன்பு குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன செயற்கைப் புல் இருந்தது. பார்வைக்குப் பச்சை மாறாமல் நன்றாகத்தான் இருந்தது. மழை பெய்துவிட்டால் மட்டும் அதில் நடக்க முடியாது. கால் வைத்த இடத்தில் தண்ணீர் பிதுங்கும். மழை விட்ட பிறகும் பல நாள் ஈரம் போகாது, அப்புறம் அழுகிய முட்டை வாடை கிளம்பும். காற்றுப் புகாத ஈரமண்ணில் பாக்டீரியா உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாடை அது.

அதை உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவானதும், அடியில் என்ன இருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பார்த்தேன். புல்லுக்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்குக் கல்தூசி, இறுகிப்போய்க் கடப்பாரைக்குக்கூட எளிதில் மசியவில்லை. அதன் கீழே களை வராமல் இருக்க விரித்த கறுப்புப் பிளாஸ்டிக் தாள். அதற்கும் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் களிமண். வெகுநாள் தண்ணீர் தேங்கிக் காற்றே படாத களிமண் அந்த நிறத்துக்கு வந்துவிடும். தரையின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருந்தது. வேலை செய்தவர் யாரோ, புல்லை மட்டும் குறை சொல்ல முடியாதபடி அழகாக ஒட்டியிருந்தார்.

செயற்கைப் புல் வாங்கப் போனால், அதன் முதுகில் இருக்கும் ஓட்டைகளைக் காட்டி, மணிக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் இறங்கும் என்பார்கள். அது பொய் இல்லை. தண்ணீர் புல்லைத் தாண்டுவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. தாண்டிய பிறகு எங்கே போவது என்பதுதான் கேள்வி. மணல் கலந்த மண்ணில் அந்தக் கேள்வியே எழாது, மண் குடித்துவிடும். களிமண் அப்படிக் குடிக்காது. களித்துகளின் அளவு 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. துகளுக்குத் துகள் இடைவெளி அவ்வளவு நுணுக்கமாக இருப்பதால், மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீர்தான் உள்ளே இறங்கும். மணல் மண்ணில் அதுவே 30 மில்லிமீட்டருக்கு மேல். கனமழை என்பது மணிக்குப் பத்து மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். மீதி முழுவதும் மேலேயே நிற்கும்.

இதனால்தான் களிமண்ணில் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால் மட்டும் வடிகால் ஆகிவிடாது. ஓட்டையில்லாத அண்டாவில் ஜல்லியைக் கொட்டி அதன்மேல் புல் விரித்த கதைதான். ஜல்லிக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம். பத்து சென்டிமீட்டர் ஜல்லி, மூன்று நான்கு சென்டிமீட்டர் மழையை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் பெய்தால் நிரம்பிப் புல்லின்மேல் வந்துவிடும். அடுத்த மழைக்குள் அது காலியாகாவிட்டால் அந்த இடமும் கிடையாது.

உங்கள் மண் உண்மையிலேயே களிமண்தானா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி நாடாவாக நீட்டிப் பாருங்கள். உடையாமல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் சந்தேகமே வேண்டாம். அடுத்தது குழிச் சோதனை. முப்பது சென்டிமீட்டர் அகலம், அதே ஆழத்தில் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி ஒரு முறை வடியவிட வேண்டும். மறுபடி நிரப்பி, குறுக்கே ஒரு குச்சியை வைத்து, அதிலிருந்து தண்ணீர் மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். முதல் முறை நிரப்பியதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. காய்ந்த களிமண்ணின் வெடிப்புகளில் தண்ணீர் ஓடிவிடும், மண் நன்றாகக் குடிப்பதுபோல் ஒரு பொய்த் தோற்றம் கிடைக்கும். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இறங்கினால், மண்ணை நம்பாமல், தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வடிகால் குழாயை நம்புவது நல்லது. எங்கள் குழியில் மாலையில் ஊற்றிய தண்ணீர் காலையில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது.

இந்தக் கட்டத்தில் கிடைக்கும் இலவச ஆலோசனைகள் நிறைய. களிமண்ணோடு மணலைக் கலந்துவிடு என்பது அதில் முதல். கொஞ்சம் மணலைக் களிமண்ணில் கலந்தால், களித்துகள் மணலின் இடைவெளியை எல்லாம் அடைத்துக்கொண்டு முன்பைவிடக் கெட்டியாகும். மண்ணின் குணம் மாற வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அதற்கு மண்ணையே மாற்றிவிடலாம். ஜிப்சம் தூவச் சொல்வார்கள். சோடியம் மிகுந்த களர்மண்ணுக்கு அது உதவும், மற்றக் களிமண்ணுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஒரு மூலையில் ஆழமாகக் குழி தோண்டிக் கல் நிரப்பி, எல்லாத் தண்ணீரையும் அதில் விடு என்பது இன்னொன்று. சுற்றிலும் களிமண்ணே இருக்கும்போது அந்தக் குழியும் நிரம்பி நிற்கும். கீழே மணற்படுகை எட்டும் ஆழத்தில் இருந்தால் மட்டும் அது வேலை செய்யும்.

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. மொத்த வேலையிலும் முக்கியமானது அதுதான் என்பேன். எங்கள் தரை எட்டு மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். பாதி மொட்டைமாடித் தண்ணீரும் அந்தப் பக்கக் குழாய் வழியாக இதே தரையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அது தரையில் விழும் மழையைவிட அதிகம். முதல் வேலையாக அந்தக் குழாயை நீட்டி, புல் போடும் இடத்தைத் தொடாமல் நேரே வெளியே திருப்பினோம். கூரைத் தண்ணீரைப் புல்லுக்குள் விட்டுவிட்டு அடியில் வடிகால் போடுவது வீண் வேலை.

அடுத்து வெளியேறும் இடம். தரையின் தாழ்ந்த பக்கம், ஒரு மூலையில் மழைநீர்க் கால்வாய் போகிறது. அதன் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்துப் பார்த்தோம். ஜல்லி அடுக்குக்கும் புல்லுக்குமாகத் தரை முழுவதும் தோண்ட வேண்டியது 15 சென்டிமீட்டர். மேட்டுப் பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, என்றால், ஐந்து மீட்டருக்கு ஏழரை. தாழ்ந்த ஓரத்தில் குழாய் பதிக்கும் வாய்க்கால், அதற்கும் கீழே 25. அந்த வாய்க்கால் எட்டு மீட்டர் நீளத்துக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் இறங்கினால் இன்னும் எட்டு. கூட்டினால் வாய்க்காலின் அடி சுமார் 55 சென்டிமீட்டர், அதில் ஐந்து சென்டிமீட்டர் ஜல்லிப் படுக்கையின்மேல் குழாய் உட்காரும். ஆக, குழாயின் அடி 50 சென்டிமீட்டர் ஆழத்தில் வெளியே வரும். கால்வாய் அதைவிடத் தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும். எங்களுக்குத் தாழ்ந்திருந்தது. இல்லையென்றால் ஒரு தொட்டி கட்டி, மிதவை வைத்த சிறிய மோட்டார் போட வேண்டியிருந்திருக்கும். அதுவும் தவறில்லை, ஆனால் தோண்டி முடித்த பிறகு தெரிய வந்தால் எரிச்சலாக இருக்கும். கழிவுநீர்க் குழாயில் மழைநீரைச் சேர்ப்பதும், பக்கத்து மனைக்குள் திருப்பிவிடுவதும் வழியே அல்ல. பொதுக் கால்வாயில் விடுவதற்கு அனுமதி வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோண்டும்போது களிமண் ஈரமாக இருக்கக்கூடாது. ஈரக் களிமண்ணில் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் மெழுகிவிட்டதுபோல் வழவழப்பாகி, இருந்த கொஞ்ச நஞ்ச துளைகளும் அடைபடும். மேலே நடந்தால் பள்ளம் விழும். முழுக்கக் காய்ந்திருந்தால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து மட்டம் கிடைக்காது. லேசான ஈரப்பதத்தில் வெட்டுவது நல்லது, அதற்காக வேலையைத் தள்ளிப்போட்டாலும் சரி. இன்னொன்று, வெட்டிய களிமண் குழியில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு வரை அதிகமாக உப்பும். 40 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் என்றால் ஆறு கன மீட்டர், வாட்டத்துக்கு வெட்டுவதும் வாய்க்காலும் சேர்ந்தால் இன்னும் கூடும். வண்டியில் ஏற்றும்போது அது பத்தைத் தாண்டும். மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யோசிக்காமல் தோண்டத் தொடங்கினால், மழைக்குள் அந்தக் குவியலே குழிக்குள் கரைந்து வரும்.

எங்களுக்கு வேலை செய்த மேஸ்திரி ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னார். “சார், புல்லுக்கு வாட்டம் பார்த்தா போதாது, அடிமண்ணுக்கே வாட்டம் வேணும்.” நூறு விழுக்காடு சரி. பலர் அடிமண்ணைச் சும்மா தோண்டிவிட்டு, ஜல்லியைக் கூட்டிக் குறைத்து மேலே சரிவு காட்டிவிடுவார்கள். தண்ணீர் ஜல்லியை நொடியில் தாண்டிவிடும், அது ஓடுவது களிமண்ணின் முகத்தில். அங்கே ஒரு கை அகலப் பள்ளம் இருந்தாலும் அதில் தேங்கும். அதனால் நூல் கட்டி, மீட்டருக்கு மீட்டர் அளந்து, களிமண்ணையே சீவி வாட்டம் கொண்டுவந்தோம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தபட்சம், இரண்டுக்கு மேல் போனால் நாற்காலி போட்டு உட்காரும்போது சரிவு தெரியும். வாட்டம் எப்போதும் வீட்டுச் சுவரிலிருந்து விலகி இறங்க வேண்டும். முடிந்த தரை மட்டம், சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்கு 15 சென்டிமீட்டராவது கீழே நிற்க வேண்டும். பழைய வேர் அழுகிய ஓட்டைகளில் களிமண்ணைத் திணிக்காமல் ஜல்லியைப் போட்டு இடித்தோம்.

வாய்க்கால் முப்பது சென்டிமீட்டர் அகலம். அதில் முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி, நெய்யாத வகை, கம்பளம்போல் தொட்டால் நார் நாராக இருக்கும். களிமண் நுழையாமல் தண்ணீரை மட்டும் விடும். வாய்க்காலின் இரு பக்கமும் ஏறி, மேலே மடித்து மூடும் அளவுக்கு அகலமாக வெட்ட வேண்டும். துணி விரித்து, ஜல்லிப் படுக்கை, அதன்மேல் 100 மில்லிமீட்டர் ஓட்டைக் குழாய், பிறகு சுற்றிலும் மேலேயும் ஜல்லி. ஓட்டைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. தண்ணீர் மேலிருந்து குழாய்க்குள் சொட்டுவதில்லை, வாய்க்காலின் அடியில் சேர்ந்து மட்டம் உயர்ந்து வரும். ஓட்டை கீழே இருந்தால் குறைந்த மட்டத்திலேயே குழாய்க்குள் புகுந்து ஓடிவிடும். மேலே இருந்தால் குழாய் மூழ்கும்வரை காத்திருக்கும். குழாயின் மேலேயே துணியைச் சுற்றித் தைத்து விற்பதும் உண்டு. களிமண்ணில் எனக்கு அது பிடிக்கவில்லை. நுண்மண் சின்னப் பரப்பில் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் அடைத்துவிடும். வாய்க்கால் முழுவதற்கும் துணி போட்டால் பரப்பு பல மடங்கு, அடைபடவும் அத்தனை காலம் ஆகும்.

குழாயின் மேட்டு முனையில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) வைத்துச் செங்குத்தாக மேலே கொண்டுவந்து மூடி போட்டோம். ஹோஸ் பைப்பை அதற்குள் விட்டு அலசலாம். வெளி முனைக்குக் கம்பி வலை, எலி புகாமல் இருக்க.

அதன் பிறகு முழுத் தரைக்கும் துணி. ஒன்றன்மேல் ஒன்று முப்பது சென்டிமீட்டர் ஏறும்படி விரிக்க வேண்டும். வாய்க்காலுக்கு மேலே மட்டும் இந்தத் துணியையும், முன்பு மடித்து மூடிய துணியையும் திறந்துவிட்டு, ஜல்லியும் ஜல்லியும் நேராகத் தொடும்படி செய்தோம். வேலை நடக்கும்போது சேறு படிந்த துணி வழியாகத் தண்ணீர் இறங்க வேண்டாமே என்றுதான். இந்தத் துணி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஜல்லி களிமண்ணுக்குள் அமுங்கும், களிமண் ஜல்லிக்கு நடுவே பிதுங்கி ஏறும். சில வருடத்தில் இரண்டும் கலந்து கலவையாகிவிடும், அதில் வடிகால் எங்கிருந்து வரும்?

ஜல்லியில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருந்தேன். கொண்டுவந்து இறக்க முன்வந்தவர்களில் பெரும்பாலோர், கல்தூசி கலந்த ஜல்லி நன்றாக இறுகும், தரை ஆடாது என்றார்கள். சாலை போடுவதற்கு அது உண்மை. ஆனால் தூசி இடைவெளியை எல்லாம் அடைத்து இறுகுவதால்தான் ஆடாமல் நிற்கிறது, அதே காரணத்தால் தண்ணீரும் நின்றுவிடும். பழைய புல்லின் கீழே நான் பார்த்தது அதுதான். கழுவிய, தூசி இல்லாத, கூர்முனை கொண்ட 20 மில்லிமீட்டர் உடைகல் வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் கூடாது, உருண்டையாக இருப்பதால் ஒன்றையொன்று பற்றாமல் காலடியில் உருளும். உடைகல்லை ஐந்து சென்டிமீட்டர் அடுக்காக இரண்டு தடவை கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் பிளேட் காம்பாக்டரால் (அதிரும் தகட்டால் தரையை இறுக்கும் எந்திரம்) அழுத்தினோம். மொத்தம் பத்து சென்டிமீட்டர். அதன்மேல் 6 மில்லிமீட்டர் சிப்ஸ் எனும் பொடி ஜல்லி, இரண்டரை சென்டிமீட்டர் கனம். சிப்ஸ் பெரிய ஜல்லியின் இடைவெளியில் கொஞ்சம் இறங்கி அதைப் பூட்டிவிடும், மேல்முகம் சீராகும். இந்த இடத்தில் மணல் போட்டால் மழை மழையாகக் கீழே கரைந்து இறங்கும், எறும்பும் குடைந்து மேடு பள்ளம் ஆக்கும்.

சிப்ஸை மட்டப்படுத்த இரண்டு நேரான குழாய்களைத் தண்டவாளமாகப் பதித்து, அவற்றின் மேல் மட்டப்பலகையை இழுத்தோம். புல் மேடு பள்ளத்தை மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

புல் விரிக்கும் முன்பு கட்டாயம் செய்ய வேண்டியது ஹோஸ் சோதனை. மேட்டுப் பக்கத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெளி முனையில் ஒரு ஆளை நிறுத்துங்கள். தண்ணீர் வெளியே வர ஆரம்பித்த பிறகு, உள்ளே விடுவதும் வெளியே வருவதும் ஏறக்குறைய சமமாக வேண்டும். ஹோஸை மூடிய பிறகு ஓட்டம் மெதுவாகக் குறைந்து நிற்க வேண்டும். இதை அடிமண் சீவியதும் ஒரு முறை சும்மா கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குட்டை நிற்கிறதா என்று பார்த்தோம், குழாய் பதித்ததும் பார்த்தோம், சிப்ஸ் போட்டதும் பார்த்தோம். அடிமண்ணில் ஒரு மூலையில் குட்டை நின்றது. அப்போதே சீவினால் அரைமணி வேலை.

புல்லைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுருளைப் பிரித்து வெயிலில் கொஞ்ச நேரம் கிடத்தினால் மடிப்பு விடும். எல்லாத் துண்டுக்கும் இழை ஒரே திசையில் சாய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிறம் போலத் தெரியும். வெட்டுவது முதுகுப் பக்கத்திலிருந்து, தையல் வரிசையை ஒட்டி. இணைப்புக்கு நாடாவும் பசையும். இணைப்புக் கோடு வாட்டத்தின் திசையிலேயே போவது நல்லது. ஓரத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தூசி இல்லாத ஜல்லியில் ஆணி பிடிக்காது, அடித்தால் ஆடும். அதனால் ஜல்லி போடும் முன்பே சுற்றிலும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பட்டைகளை முளையடித்து நிறுத்தி, புல்லின் ஓரத்தை அதில் அடித்தோம். ஓரத்துக்குக் கான்கிரீட் கட்டச் சொன்னவர்களும் உண்டு. களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண், கான்கிரீட் ஓரம் அதில் விரிசல் விடும். தாழ்ந்த பக்கத்தில் கான்கிரீட் கட்டினால் தண்ணீருக்கு அணையும் ஆகிவிடும்.

மரத்தடியை விட்டுவிட்டோம். வேரை வெட்டி ஜல்லி போட்டால் மரமும் போகும், வேர் தடித்தால் தரையும் போகும். அங்கே வெறும் மண்ணில் சருகு மூடாக்கு போட்டிருக்கிறோம். உண்மையில் நிழலும் வெயிலும் அளவாகக் கிடைத்து, தண்ணீர் விட ஆளும் இருக்கும் இடத்தில் நான் செயற்கைப் புல்லைப் போடவே மாட்டேன். உச்சி வெயிலில் அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், வெறுங்காலுடன் குழந்தைகள் நிற்க முடியாது. தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம் தணியும், அவ்வளவுதான். கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் இழை உருகியும் போகலாம். எங்கள் பின்பக்கம் சேறு தாங்க முடியாமல்தான் இந்த வழிக்கு வந்தோம்.

நாய் வளர்ப்பவர்களுக்கு அடியில் போடும் ஜல்லி இன்னும் முக்கியம். சிறுநீர் கல்தூசியில் ஊறித் தங்கினால் எந்த மருந்து தெளித்தும் அம்மோனியா வாடை போகாது. திறந்த ஜல்லியாக இருந்தால் வாளித் தண்ணீர் ஊற்றியதும் குழாய் வழியாக ஓடிவிடும். புல்லிழைகளுக்கு நடுவே தூவும் மணலுக்குப் பதில் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தைத் தூவினால் அம்மோனியாவைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், ஆனாலும் அலசாமல் முடியாது.

மழைக்காலத்தில் வெளி முனையைப் போய்ப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு சொட்டாகும். கலங்கலாக வந்தால் எங்கோ துணி கிழிந்து களிமண் உள்ளே வருகிறது என்று அர்த்தம். மழை பெய்தும் ஒன்றுமே வரவில்லை என்றால் அடைப்பு, மேட்டு முனை மூடியைத் திறந்து அலச வேண்டும். ஒரு கோடையில் மண் சுருங்கி, ஒரு ஓரம் லேசாக இறங்கியது. அந்தப் பக்கப் புல்லை மட்டும் கழற்றி, சிப்ஸ் நிரப்பித் தட்டி, மறுபடி பட்டையில் அடித்தோம்.

மூடுவதற்கு முன்பு, தரையில் அளவு நாடாவைக் கிடத்தி, குழாய் போகும் பாதையைச் சுவரிலிருந்து எத்தனை தூரம், எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் விளக்குக் கம்பம் நடவோ வேலி போடவோ யாராவது கடப்பாரையோடு வரும்போது அதை எடுத்துக் காட்டலாம்.